ஆடியில் பூட்டிக் கிடந்த படலை

குருநகர்
29.06.2025

மதிப்புக்குரிய தம்பிராசா அண்ணைக்கு,

உங்களுக்குப் போனில் கதைத்தால் கேட்காது, எழுதிக் கொடுத்தால் வடிவாக வாசிப்பீர்கள் என்று எமில்ராஜ் சொன்னான். அதனால் எழுதி அவன் கையிலேயே கொடுத்துவிடுகிறேன். நேரில் வந்தால் நான் கத்த வேண்டி வரும். என்னுடைய சத்தம் குருநகருக்குப் பழக்கம். இணுவில் தாங்காது.

உங்களைக் கிளினிக்குக்கு ஏற்றி இறக்குகிற இந்த ஓட்டோக்காரன் ஒருகாலம் எங்கள் பிள்ளை. போக இடமில்லாத இளம் பிள்ளைகளுக்காக நான் நடத்துகிற ‘அடைக்கலம்’ வீட்டில் மீசை முளைத்தவன். உங்கள் மகளின் வீடு பூட்டிக் கிடக்கிறது, அதை எங்களுக்குத் தர யோசிக்கிறீர்கள் என்று வந்து சொன்னான். என்னைப் பேய்க்காட்டி ஏமாற்றுகிறான் என்றுதான் முதலில் நினைத்தேன்.

நாங்கள் இருக்கிற வீட்டுக்காரர் செபநாயகம் மாஸ்ரர் தை மாதம் காலமானார். பிரான்சில் இருக்கிற பிள்ளைகள் வீட்டை விற்றுவிட்டார்கள். அவர்களில் பிழை சொல்ல மாட்டேன். மரியாதையாகச் சொல்லி, யூலை 20 வரை தவணையும் தந்தார்கள். அன்றிலிருந்து வீடு தேடுகிறேன். பிள்ளைகளுக்கு என்றால் எல்லாருக்கும் முகம் மலரும். எந்தப் பிள்ளைகள் என்று சொன்னதும், “போதைக்குக் குடு அடிக்கிற பொடியளோ?” என்று கேட்டு வாசல் படலையைச் சாத்துவார்கள்.

இப்போது ஐந்து பொடியளும் மூன்று பெட்டையளும் இருக்கிறார்கள். மூத்தவள் றஜிதா, வல்வெட்டித்துறைப் பிள்ளை, பதினேழு வயது. தாய் இல்லை. தமக்கை வீட்டில் அத்தானின் கைக்குப் பயந்து ஓடிவந்து யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் படுத்துக் கிடந்தவளை எமில்ராஜ்தான் கூட்டி வந்தான். வந்த நாள் தொட்டு உடுப்புப் பையைக் கட்டியபடியே வைத்திருக்கிறாள். அலுமாரியில் எடுத்து வையடி என்றால், “வைக்கிறன் அக்கா, என்ன அவசரம்” என்பாள். வீடு மாறப் போகிறோம் என்றதும் அவள் கேட்டது ஒன்றுதான்.

“அங்கை படலை பூட்டுவினமோ?”

எங்கள் படலைக்குப் பூட்டே இல்லை. கோபித்துக்கொண்டு போன பிள்ளையும் திரும்பித் தள்ளிக்கொண்டு வரலாம். இந்த ஒன்றைத்தான் உங்களிடம் கேட்கிறேன். மற்றதெல்லாம் உங்கள் சொற்படி.

நன்றியுடன்,
றெஜினா


இணுவில்
03.07.2025

அன்புள்ள தங்கச்சி றெஜினாவுக்கு,

கடிதம் கிடைத்தது. கையெழுத்துத் தெளிவு. என்னைப் பார்க்கிற டாக்குத்தருக்கும் இப்படி எழுத வந்தால் நல்லது.

வீட்டை எவ்வளவு காலத்துக்கும் எடுங்கள். மகள் ஜெயகௌரியிடம் கேட்டுவிட்டேன். அவள் லண்டனில் இருக்கிறாள், இனி இங்கே வந்து குடியிருக்கப் போவதில்லை. என் வீட்டுக்கும் அந்த வீட்டுக்கும் நடுவில் ஒரு வேலிதான். கிணறும் படலையும் பொது. உடைந்த ஓடுகளை மாற்றிக் குசினிக்கு வெள்ளையும் அடித்து வைத்திருக்கிறேன். நான் தோட்டக்காரன். வெங்காயமும் புகையிலையும் என்னைக் கேள்வி கேட்பதில்லை, ஆனபடியால் காது கேட்காதது இவ்வளவு நாளும் குறையாகத் தெரியவில்லை. பிள்ளைகள் வந்தால் சிரமம்தான். அவர்கள் என் முகத்துக்கு நேரே நின்று கதைக்கட்டும்.

படலைக்கு இப்போது சங்கிலி போட்டிருக்கிறேன். ஆடு புகுந்து வெங்காயத்தில் வாய் வைக்கும். நீங்கள் குடிவந்த அன்றைக்குச் சங்கிலியைக் கழற்றிவிடுவேன். இது நான் தருகிற வாக்கு.

வருகிற 13ஆம் திகதி ஞாயிறு காலை பால் காய்ச்ச நல்ல நேரம் இருக்கிறது. பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். பானை நான் வாங்கி வைக்கிறேன்.

இங்ஙனம்,
வே. தம்பிராசா


குருநகர்
16.07.2025

அன்புள்ள அண்ணைக்கு,

ஞாயிற்றுக்கிழமை வராததற்குக் கோபிக்க வேண்டாம். காலையில் எங்களுக்குத் தேவாலயத்தில் பூசை. பிள்ளைகளில் பாதிப்பேர் அங்கே பாடுகிறவர்கள். அத்தோடு, அது உங்கள் குடும்பச் சடங்கு, வேதக்காரர் நாங்கள் கூட்டமாக வந்து நின்று இடைஞ்சல் தரக்கூடாது என்றும் நினைத்தேன். எமில்ராஜின் ஓட்டோ திருத்த வேலைக்குக் கராச்சில் கிடந்தது, அதனால் சொல்லி அனுப்பவும் வழியில்லாமல் போய்விட்டது. பால் நன்றாகப் பொங்கியிருக்கும்.

நாங்கள் சனிக்கிழமை சாமான்களோடு வந்துவிடுகிறோம். பிறகு ஒருநாள் எங்கள் சுவாமியார் வந்து தீர்த்தம் தெளிப்பார். உங்களுக்கு மறுப்பில்லைத்தானே?

ஒரு புதினம் சொல்ல வேண்டும். போன கிழமை றஜிதா எமில்ராஜோடு இணுவிலுக்கு வந்து வெளியே நின்று வீட்டைப் பார்த்திருக்கிறாள். நீங்கள் தோட்டத்துக்குப் போயிருந்தீர்களாம். வந்ததிலிருந்து, மாமரத்துப் பக்கத்து யன்னலடி தனக்குத்தான் என்று எல்லோருடனும் சண்டை. நேற்றுப் பார்த்தால் பையை அவிழ்த்து உடுப்பெல்லாம் தோய்த்துக் கொடியில் போட்டிருக்கிறாள். புது வீட்டில் மடித்து வைக்கவாம். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

அன்புடன்,
றெஜினா


இணுவில்
17.07.2025

தங்கச்சி றெஜினாவுக்கு,

இன்றைக்கு ஆடிப்பிறப்பு. கூழ் காய்ச்சி அனுப்பியிருக்கிறேன். பிள்ளைகளுக்குச் சூடாகக் கொடுங்கள்.

ஞாயிறு காலை நான் மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டி, புதுப் பானைக்கு மஞ்சள் இலை கட்டி, படலையையும் திறந்து வைத்துக்கொண்டு பார்த்திருந்தேன். குடிபுகுகிறவர்கள் வராமல் பால் காய்ச்ச முடியாது. அது என்னுடைய சடங்கல்ல, உங்களுடையது. நேரம் கழிந்ததும் பாலை முன்வீட்டுப் பாலேஸ்வரியிடம் கொடுத்துவிட்டேன்.

ஆனி மாதத்திலேயே பால் காய்ச்சியிருந்தால் நீங்கள் குடிபுகுந்ததாக ஆகியிருக்கும். பிறகு எந்த நாளில் வந்து பாயைப் போட்டாலும் பிழையில்லை. அதற்காகத்தான் அந்த ஞாயிற்றைப் பிடித்தேன். இது எல்லோருக்கும் தெரிந்தது என்று இருந்துவிட்டேன். இப்போது ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் வீடு புகுவதில்லை. ஆவணி முதலாம் திகதி நல்ல நாள், அதுவும் ஞாயிறு. உங்கள் பூசை முடிந்த பிறகு வரக்கூடியதாக நேரம் பார்த்துத் தருகிறேன். அதுவரை பொறுங்கள். வீட்டுப் பூட்டின் திறப்பு என்னிடம் இருக்கட்டும்.

வே. தம்பிராசா


குருநகர்
18.07.2025

தம்பிராசா அண்ணை,

கூழ் நல்ல ருசி. பிள்ளைகள் வழித்துக் குடித்தார்கள். சட்டியைக் கழுவி அனுப்பியிருக்கிறேன். அதற்குள் எட்டுப் பேர் படுக்க இடமில்லை.

ஆடியாம், ஆவணியாம். மாதம் பார்த்து வீடு மாறுவதற்கு முதலில் ஒரு வீடு இருக்க வேண்டும் அண்ணை. இவர்கள் வீட்டைவிட்டு ஓடிவந்தபோது ஒருவரும் பஞ்சாங்கம் பார்த்துத் துரத்தவில்லை. நாளை மறுநாள் வீட்டை வாங்கியவர்கள் மேசன்மாரோடு வருகிறார்கள். நான் எங்கே போவேன்? பங்கு மண்டபத்தைக் கேட்டேன். எங்கள் யாகப்பர் கோயில் திருவிழாவுக்கு வந்த வெளியூர்ச் சனம் அங்கே தங்குகிறது.

ஒன்று கேட்கிறேன், ஒளிக்காமல் சொல்லுங்கள். ஆடிதான் காரணமோ, அல்லது எங்கள் கரையூர் மீன்பிடிச் சனம் வந்து குசினியில் மீன் பொரிக்கும் என்று உங்கள் அயல் ஏதும் சொன்னதோ? அப்படியென்றால் அதையே எழுதியிருக்கலாம். கேட்டுப் பழகிய காது எனக்கு.

பால் காய்ச்ச வாருங்கள் என்று எழுதினீர்கள். வராவிட்டால் ஒரு மாதத்துக்கு வீடில்லை என்று எழுதினீர்களா? கலியாணத்துக்குக் கூப்பிடுகிற மாதிரிக் கூப்பிட்டால் எனக்கு எப்படித் தெரியும்?

றெஜினா


இணுவில்
19.07.2025

தங்கச்சி,

உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு மத்தியானம் சாப்பிட மனம் வரவில்லை. மீனைப் பற்றியோ சனத்தைப் பற்றியோ என்னிடம் ஒருவரும் கதைக்கவில்லை. கதைத்திருந்தாலும் எனக்குக் கேட்டிராது.

அந்த வீடு மகளுக்குச் சீதனமாகக் கட்டியது. மாப்பிள்ளைக்கு வெளிநாட்டுப் பயணம் சரிவந்தபடியால் அவசரப்பட்டு ஆடியில் குடிபுகுந்தார்கள். மனைவி வேண்டாம் என்றாள். படித்த பிள்ளைகள், இதெல்லாம் பார்க்க மாட்டார்கள் என்று நான்தான் விட்டேன். மாப்பிள்ளை அடுத்த ஆடியைக் காணவில்லை. மகள் அந்த வாசலால் வெள்ளைச் சேலையோடு இறங்கிப் போனாள். நீங்கள் இதை மூடநம்பிக்கை என்பீர்கள். இருக்கட்டும். ஏற்கெனவே இவ்வளவு பட்ட பிள்ளைகளை அதே வாசலால் அதே மாதத்தில் ஏற்ற எனக்குத் துணிவில்லை. பிறகு அவர்களில் ஒன்றுக்கு ஒன்றென்றால் நான் உயிரோடிருக்க மாட்டேன்.

சாமான்களை என்னுடைய புகையிலைக் கொட்டிலில் இறக்குங்கள். மழை படாது. பெட்டைப் பிள்ளைகளை என் வீட்டில் வைத்திருக்கலாம் என்றும் யோசித்தேன். தனியாக இருக்கிற கிழவன், ஊர் அவர்களைத்தான் கதைக்கும்.

ஆவணி கனதூரமில்லை, தங்கச்சி.

வே. தம்பிராசா


குருநகர்
27.07.2025

அண்ணைக்கு,

இதை என் தங்கை வீட்டில் இருந்து எழுதுகிறேன். எங்கள் வீட்டில் இப்போது மேசன்மார் சுவர் இடிக்கிறார்கள்.

பொடியளை எமில்ராஜின் மாமன் கடற்கரை வாடியில் வலைகளோடு படுக்க விட்டார். கன்னியர் மடத்தில் திருவிழா விருந்தாளிகள் போக இரண்டு கட்டில்தான் மிச்சம். சின்னப் பெட்டைகள் இருவரையும் அங்கே விட்டேன். றஜிதாவுக்கு இடமில்லை. தங்கை வீட்டிலும் ஒரு அறைதான், நானே குசினியில் படுக்கிறேன். வல்வெட்டித்துறைக்குப் போன் எடுத்து அவளுடைய தமக்கையோடு கதைத்தேன். புருசன் தொழிலுக்கு முல்லைத்தீவுப் பக்கம் போய்விட்டான், ஆவணி வரைக்கும் வரமாட்டான், அனுப்புங்கோ என்றாள். அனுப்பினேன் அண்ணை. நானே பஸ் ஏற்றிவிட்டேன்.

அவள் ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்லவில்லை. அவள் சண்டை பிடித்திருந்தால் நான் விட்டிருக்க மாட்டேன். ஒருநாளும் கையை விட்டு விலக்காத பையை, “அங்கைதானே வரப்போறன், அது முதல் போகட்டும்” என்று சாமான்களோடு உங்கள் கொட்டிலுக்குப் போட்டுவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை தமக்கை போன் எடுத்தாள். புருசன் முதல்நாள் அமாவாசைக்குச் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றானாம். விடிய எழும்பிப் பார்க்க றஜிதா இல்லை. போன் வேலை செய்யவில்லை. பஸ் நிலையம், கோயில், அவளோடு படித்தவர்களின் வீடு, எல்லா இடமும் எமில்ராஜ் தேடிவிட்டான். பொலிசிலும் சொல்லிவிட்டு வந்தோம்.

உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. யாருக்காவது சொல்ல வேண்டும் போல இருந்தது.

றெஜினா


இணுவில்
28.07.2025

தங்கச்சி றெஜினாவுக்கு,

எமில்ராஜிடம் திறப்பைக் கொடுத்திருக்கிறேன். இன்றைக்கே எல்லோரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். ஆடியும் வேண்டாம், ஆவணியும் வேண்டாம். பால் காய்ச்ச வேண்டாம். சுவாமியார் வந்தால் வரட்டும்.

அந்தப் பிள்ளை கேட்ட யன்னலடியைக் கூட்டி வைத்திருக்கிறேன். கொட்டிலில் இருந்து அவளுடைய பையைக் கொண்டுவந்து அங்கே வைத்தேன். திறக்கவில்லை.

வே. தம்பிராசா


இணுவில்
03.08.2025

அண்ணைக்கு,

வேலிக்கு இந்தப் பக்கம் இருந்து எழுதுகிறேன். வந்து ஒரு கிழமை ஆகப்போகிறது, நீங்கள் எங்கள் பக்கம் முகம் காட்டவில்லை. கிணற்றடியில் என்னைக் கண்டால் வாளியை வைத்துவிட்டுப் போகிறீர்கள். நான் உங்களைத் தின்னமாட்டேன்.

வீடு நல்ல வீடு. பிரவீணன் என்கிற பொடியன் வெங்காயப் பாத்திக்குத் தண்ணீர் கட்டப் பழகுகிறான், நீங்கள் கையைக் காட்டிச் சொல்வது எல்லாம் தனக்கு விளங்குகிறதாம். அயலட்டை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறது. மீன் பொரித்தோம், ஊர் இடிந்து விழவில்லை.

றஜிதாவின் செய்தி ஒன்றும் இல்லை. கொழும்புப் பஸ்ஸில் ஏறினதைக் கண்டதாக ஒருவர் சொன்னார். இல்லை, அது வேறு பிள்ளை என்று இன்னொருவர் சொன்னார். இரவில் சின்னப் பெட்டைகள் அவளுடைய யன்னலடியில் படுக்க மாட்டோம் என்கிறார்கள். பை அப்படியே இருக்கிறது.

ஒருக்கால் வந்து எங்களோடு சாப்பிடுங்கள்.

றெஜினா


இணுவில்
06.08.2025

தங்கச்சி,

சாப்பிட வரமுடியாது. ஏன் என்று எழுதுகிறேன். நேரில் சொன்னால் உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டி வரும்.

நேற்று வெங்காயம் பிரிக்க வந்த பாலேஸ்வரி, பிள்ளைகள் எல்லோரும் வந்து சேர்ந்துவிட்டார்களா என்று என் முகத்துக்கு நேரே நின்று கேட்டாள். ஒரு பெட்டையைக் காணவில்லை என்றேன். எப்படிப்பட்ட பெட்டை என்று கேட்டுவிட்டுக் கையிலிருந்த வெங்காயத்தைக் கீழே வைத்தாள். பிறகு அவள் சொன்னதை இரண்டு தரம் சொல்ல வைத்தேன். நான் பிழையாக விளங்கிக்கொண்டேன் என்றுதான் நினைத்தேன்.

அமாவாசைக்கு முதல்நாளே நான் கீரிமலைக்குப் போய்த் தங்கி, அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுத்துவிட்டு அன்று பின்னேரம் வந்தேன். மறுநாள், நீங்கள் எழுதிய அதே வெள்ளிக்கிழமை மத்தியானம், கிணற்றடியில் நின்று தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தேன். படலைக்குச் சங்கிலி போட்டிருந்தது. ஒரு பெட்டை வந்து படலையில் நின்று “ஐயா, ஐயா” என்று கூப்பிட்டிருக்கிறாள். கனநேரம் கூப்பிட்டிருக்கிறாள். பாலேஸ்வரி தன் வாசலில் நின்று, “ஆரைப் பிள்ளை தேடுறாய்?” என்று கேட்டிருக்கிறாள்.

“ஒருத்தரையும் இல்லை அன்ரி. ஆடி முடியத்தான் இங்கை ஆக்களை விடுவினமாம். ஒருக்கால் கேட்டுப் பாப்பம் எண்டு வந்தனான். ஐயா கேட்டும் கேளாத மாதிரி நிக்கிறார். பரவாயில்லை.”

இதைச் சொல்லிவிட்டு மருதனார்மடப் பக்கம் நடந்தாளாம். யாரோ சொந்தக்காரப் பிள்ளை, எனக்கும் அதற்கும் ஏதும் மனத்தாங்கல் என்று பாலேஸ்வரி பேசாமல் இருந்துவிட்டாள்.

கேட்டும் கேளாத மாதிரி. என் வாசலுக்கு வந்த பிள்ளை அப்படி நினைத்துக்கொண்டு போயிருக்கிறது. நான் ஒருக்கால் திரும்பிப் பார்த்திருந்தால் போதும். வாளியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீடு புகுந்தால் பிள்ளைகளுக்கு ஏதும் வந்துவிடும் என்று பயந்தவன் நான்.

இன்று காலை படலையைப் பிணைச்சலோடு கழற்றி மாமரத்தில் சாய்த்து வைத்துவிட்டேன். ஆடு வரும் என்று பாலேஸ்வரி சொல்கிறாள். வரட்டும்.

வே. தம்பிராசா


இணுவில்
07.08.2025

அண்ணைக்கு,

உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு எமில்ராஜை அனுப்பினேன். மருதனார்மடச் சந்தி, கடைகள், பஸ் நிறுத்தும் இடம், எல்லாம் கேட்டுவிட்டு வந்தான். பதினேழு வயதுப் பிள்ளை ஒன்று நடந்து போனதை யார் ஞாபகம் வைத்திருப்பார்கள்?

உங்கள் மேல் கோபப்பட நேற்று இரவு முழுக்க முயன்றேன். கோபம் வந்திருந்தால் எனக்கும் லேசாக இருந்திருக்கும். அவளுக்கு நான் இந்த வீட்டைப் பற்றி எல்லாம் சொன்னேன். யன்னல் சொன்னேன், கிணறு சொன்னேன், நீங்கள் படலைச் சங்கிலியைக் கழற்ற வாக்குக் கொடுத்ததைச் சொன்னேன். ஆடி மாதக் கதையை உங்களைத் திட்டித் திட்டிச் சொன்னேன். உங்களுக்குக் காது கேட்காது என்பதைச் சொல்லவில்லை. அது ஒரு விசயமாகவே எனக்குத் தோன்றவில்லை. எமில்ராஜும் சொல்லவில்லையாம்.

அதனால் நீங்கள் மட்டும் பட்டினி கிடக்க வேண்டாம். சோறு கொடுத்துவிடுகிறேன்.

இன்று காலை ஆடு வந்தது. பாத்தியில் ஒரு பக்கத்தைத் தின்றுவிட்டது. பிரவீணன் ஓடிப்போய்ப் படலையைத் தூக்கிக்கொண்டு வந்து மாட்டப் போனான். வேண்டாம், விடு என்றேன். “அப்ப ஆரும் வரலாமோ அக்கா?” என்று கேட்டான். ஓம் என்றேன்.

ஆடு வருகிறது, தெருநாய் வருகிறது, பாலேஸ்வரி அக்கா நாளுக்கு நாலு தரம் வருகிறா. வேறு ஒருவரும் இன்னும் வரவில்லை.

றெஜினா